பாக்கியக்காவின் கால் தாள்கள்

பாக்கியக்கா இறந்துபோன செய்தி எங்கள் வீட்டுக்கு ஒரு ஜோடி மரச்செருப்பாக வந்தது. ஆஸ்பத்திரியில் அவருடன் ஆயாவாக வேலை பார்த்த மரியம்மா, பின்வாசல் வழியாக வந்து, செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொட்டலத்தை அம்மாவின் கட்டிலில் வைத்தார். நான் மேசையில் உட்கார்ந்து ஜப்பான் எழுத்துகளை எழுதிக்கொண்டிருந்தேன்.

"போயிட்டாங்க லா," என்றார் மரியம்மா. "ஜப்பான்காரனுங்க உடம்பத் தர மாட்டானுங்களாம். இத மட்டும் வாசல்ல தூக்கிப் போட்டானுங்க."

அப்பா ஓடிப்போய் ஜன்னலைச் சாத்தினார். "மெல்லக் கதையுங்கோ, மெல்லக் கதையுங்கோ," என்றார். அம்மா ஒரு செருப்பை எடுத்து அதன் வாரைத் தடவிப் பார்த்தார். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"அப்ப, வெறுங்காலோடையே அவவை வைச்சிருந்தவங்கள்?"



இன்று முப்பத்தோராம் நாள். எங்கள் யாழ்ப்பாணத்து ஆட்களில் ஒருவர் இறந்தால், இந்த நாளில் அந்தியேட்டிச் சடங்கு செய்து, இறந்தவரைப் பற்றி ஒரு சிறு புத்தகம் அச்சடித்து வந்தவர்களுக்குக் கொடுப்பார்கள். பாக்கியக்கா எங்கள் ஆட்களில் ஒருவர் அல்ல. இந்தத் தீவுக்கு அக்கரையில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். அவருடைய கணவரைப் போன வருடம் சயாம் ரயில் வேலைக்கு ஏற்றிப்போனார்கள்; பிறகு ஒரு சேதியும் இல்லை. பிள்ளைகள் இல்லை. உடம்பும் இல்லை. எந்த அச்சுக்கூடமும் அவர் பெயரை இப்போது அச்சடிக்காது. அதனால் நானே எழுதுகிறேன். பள்ளிக்கூட ஜப்பான் பாடக் கொப்பியைத் திருப்பி வைத்து, பின்பக்கத்திலிருந்து எழுதுகிறேன். எல்லோரும் தூங்கிவிட்டார்கள். விளக்கைத் தண்ணீர்க் குடத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். தெருவில் பூட்ஸ் சத்தம் கேட்டால் கொப்பியை மறுபடி முன்பக்கம் திருப்புவேன். இதை யாராவது கண்டெடுத்தால் முதலில் அப்பாவைத்தான் கொண்டுபோவார்கள்.

இது உங்களுக்கு எழுதுவது. எங்கள் வரிசை வீடுகளில் நோயாகக் கிடந்து, பாக்கியக்காவிடம் கால்களை நீட்டியவர்களுக்கும், அவர்களின் வீட்டுக்காரர்களுக்கும். நீங்கள் இதை வாசிக்கும்போது ஜப்பான்காரர்கள் போயிருப்பார்கள் என்று நினைக்கிறேன். உங்களை அழ வைக்க நான் எழுதவில்லை. நீங்கள் மறக்கக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். அவரை மறக்கக் கூடாது. அவரைக் காட்டிக்கொடுத்தவனையும் மறக்கக் கூடாது.

என் அம்மாவின் மார்பில் வந்த புற்றை யுத்தத்துக்கு முன்பு வெள்ளைக்கார டாக்டர் வெட்டி எடுத்தார். ஜப்பான்காரர்கள் வந்த அடுத்த வருடம் அது திரும்பி வந்தது. வலது கை தோளிலிருந்து விரல்வரை வீங்கிவிட்டது. ஆஸ்பத்திரியில் வலிக்கு மருந்து இருந்தது. ஆனால் எங்களுக்கு இல்லை. வீட்டுக்குக் கொண்டுபோங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். பெண்கள் வார்டில் ஆயாவாக இருந்த பாக்கியக்கா, மூன்றாம் நாள் மத்தியானம், யாரும் கூப்பிடாமலே எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"அம்மா தூங்குறாங்களா?" என்று என்னிடம் கேட்டார்.

"இல்லை. நாலு நாளாய்த் தூங்கேல்லை."

"அப்ப நான் உள்ள வரலாமான்னு கேட்டுட்டு வா. கேக்காம வந்துட்டேன்னு சொல்லாத லா, ஆயான்னா அப்படித்தான்னு நெனைப்பாங்க."

அவர் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து பாதத்தைத் தொட்டதும், அம்மா கால்களை இழுத்துக்கொண்டார். பாக்கியக்கா அம்மாவைவிட ஏழெட்டு வயது மூத்தவர். மூத்தவர் தன் காலைத் தொடுவதா? நம்மில் யார் விடுவார்கள்? "பாவம் அக்கா, வேண்டாம்," என்று சொல்லி, வீங்கிய கையைத் தூக்கி, அவரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளப் பார்த்தார். கை பாதிவரைதான் எழும்பியது. வலியில் முகம் கறுத்துப்போனது. பாக்கியக்கா மறுபடி தொட்டார், மறுபடி அதே. காலால் பட்டுவிட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் பழக்கம் அம்மாவை விடவில்லை.

பாக்கியக்கா தன் தோளில் கிடந்த துண்டை எடுத்து அம்மாவின் பாதங்களின் மேல் விரித்தார்.

"இப்ப நான் உங்க காலத் தொடல. என் துண்டத்தான் தொடுறேன். என் துண்ட நான் தொட்டா யாருக்குப் பாவம்?"

அம்மா சிரித்தார். அந்த வருடம் நான் கேட்ட முதல் சிரிப்பு அது. அதற்குப் பிறகு பாக்கியக்கா எந்த வீட்டுக்குப் போனாலும் துண்டின் மேலேதான் கை வைத்தார். துண்டு இருந்தால் தோல் உரசாது, நோயில் மெலிந்த தோலுக்கு அதுவும் நல்லது என்று பின்னால் சொன்னார். ஆனால் அந்தத் துண்டு முதலில் விரிந்தது அம்மாவின் வெட்கத்துக்காக.

எவ்வளவு அழுத்துவது என்று ஒரு நாள் கேட்டேன். "கண்ண மூடு," என்றார். என் இமையின் மேல் தன் பெருவிரலை வைத்தார். ஒரு பூச்சி உட்கார்ந்ததைவிடக் கொஞ்சம் கூடுதலான பாரம். "நோவுதா?" இல்லை என்றேன். "இவ்வளவுதான். இதுக்கு மேல அழுத்தினா அது வீம்பு லா. பெலான், பெலான். மெதுவா, மெதுவா." எந்த வீட்டிலும் முதலில் தன் கண்ணை மூடி, தன் இமையில் விரலை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் அடுத்தவர் காலில் வைப்பார். எலும்புக்குள் நோய் போனவர்களுக்கு அதுவும் இல்லை. உள்ளங்கையை வெறுமனே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். வார்டில் முன்பு இருந்த வெள்ளைக்கார மேட்ரன் நோயாளிகளின் பாதத்தைப் பிடித்துவிடுவாராம். டாக்டர் எதையெல்லாம் செய்யக் கூடாது என்று மேட்ரனுக்குச் சொன்னாரோ, அது அத்தனையும் பக்கத்தில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த பாக்கியக்காவின் காதிலும் விழுந்தது.

என் அப்பா எதையும் இரண்டு முறை கேட்பவர். "இதாலை புற்று கரையுமோ?" என்று கேட்டார்.

"கரையாது ஐயா. கரையும்னு சொல்றவன வீட்டுக்குள்ள விடாதீங்க."

"உள்ளங்காலிலை ஈரல் இருக்கு, குடல் இருக்கு எண்டு சீனர் சொல்லுகினம்."

"இருக்கலாம். எனக்குத் தெரியாது. தூக்கம் இருக்கு. அத மட்டும் நான் கண்ணால பாத்திருக்கேன்."

அன்று மத்தியானம் அம்மா தூங்கினார். அடுப்பில் மரவள்ளிக் கிழங்கு தீய்கிற வாசனை வந்தது. அடுக்களைக்குப் போனால் பலகை கிறீச்சிடும் என்பதால் நானும் அப்பாவும் அசையவே இல்லை. இரவு கருகின கிழங்கைத் தின்றோம். அப்பா, "நல்ல ருசி," என்றார்.

தொடுவதற்கு முன் ஒவ்வொரு முறையும் கேட்பார். நேற்றுச் சரி என்றவரிடம் இன்றும் கேட்பார். வேண்டாம் என்றால் முகம் சுளிக்க மாட்டார். கால்மாட்டில் உட்கார்ந்து ஊர்க்கதை சொல்வார். சந்தியில் நிற்கும் சிப்பாய்க்கு நாம் எல்லோரும் குனிந்து கும்பிடு போட வேண்டும் அல்லவா? "குனியிறப்ப நான் அவன் காலப் பாக்குறேன்," என்பார். "இடது குதிகால்ல புண்ணு. நடக்குறதப் பாத்தா தெரியுது. பூட்ஸு தேய்க்குது. என்ன பண்ணணும்னு எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன் லா."

இவ்வளவு மென்மையான கைக்காரருக்குள் இப்படியும் ஒரு மனம் இருந்தது. நான் அதைத்தான் இப்போது அதிகம் நினைக்கிறேன்.

நோயாளிகள் கூடிப்போனார்கள். பாக்கியக்காவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. யாருக்கு எந்தக் கால் வீக்கம், யாருக்கு எந்த இடத்தில் புண் என்று தலையில் வைத்திருந்தார். தான் வராத நாளில் வீட்டுக்காரர்கள் தவறான இடத்தைப் பிடித்துவிடுவார்களோ என்று பயந்தார். அதற்காகத்தான் கால் தாள்கள். ஒரு தாளில் இரண்டு உள்ளங்கால்களின் உருவம், அதற்கு மேலே கோடுகளாக இரண்டு கெண்டைக்கால். தொடவே கூடாத இடத்தில் கரியால் பெருக்கல் குறி. கை மட்டும் வைக்கலாம் என்றால் வட்டம். படம் வரைந்தது நான். குறி போட்டது அவர். பெயர் எழுதுவதில்லை. தாள் அந்தந்த நோயாளியின் மெத்தைக்கு அடியில் இருக்கும்.

தாள் எங்கிருந்து வந்தது என்பதை நான் இங்கே எழுத வேண்டும். என்னிடமிருந்து வந்தது. அப்பா முன்பு ஒரு கப்பல் அலுவலகத்தில் கிளார்க்காக இருந்தார். குண்டு விழுந்து அந்தக் கட்டடம் உடைந்தபோது, தெருவில் பறந்த காகிதங்களைப் பொறுக்கி, பிள்ளை எழுதட்டும் என்று வீட்டுக்குக் கொண்டுவந்தார். ஒரு பக்கம் வெறுமை. மறுபக்கம் துறைமுகத்தின் படம்: கப்பல் மேடைகள், கடலின் ஆழத்தைக் காட்டும் எண்கள். கடையில் காகிதமே இல்லாத காலம். அந்தப் பக்கத்தை நாங்கள் யாரும் ஒரு பொருட்டாகவே பார்க்கவில்லை. பாக்கியக்காவுக்கு அது எலி ஓடின தடம் மாதிரி இருந்ததாம்.

எங்கள் வீட்டிலிருந்து நாலு வீடு தள்ளி இருந்த செல்லம்மா மாமியை உங்களுக்குத் தெரியும். அவர் மகள் கமலம் என் வகுப்பு. மாமிக்குக் கர்ப்பப்பையில் புற்று. ஒரு நாள் அவருடைய இடது கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சிவந்து, தொட்டால் சுட்டது. பாக்கியக்கா அந்தக் காலைத் தொடவே இல்லை. தாளில் இருந்த இடது காலில் மிகப் பெரிய குறியைப் போட்டார். "டாக்டர்கிட்ட சொல்லுறேன். அசையாம படுத்திருங்க. இந்தக் கால யாரும் புடிக்கக் கூடாது, சாமியே வந்தாலும்," என்று சொல்லிவிட்டு, அன்று காலுக்குப் பதிலாக மாமியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டிருந்தார்.

இரண்டு நாள் கழித்து, பாக்கியக்கா வேலையில் இருந்த நேரம், மாமியின் வீட்டுக்காரர் அவனைக் கூட்டிவந்தார். அவன் பெயரை எழுத மாட்டேன். பயத்தினால் அல்ல, பாக்கியக்காவின் பெயர் இருக்கும் இந்தக் கொப்பியில் அது இருக்கக் கூடாது. தைலக்கடைக்காரன் என்றால் உங்களுக்குப் போதும். நேரில் நான் மாமா என்றுதான் அழைக்கிறேன். இங்கே அவன்தான்.

அவனிடம் கருங்காலிக் கட்டை ஒன்று உண்டு. ஒரு சாண் நீளம், முனை மழுங்கியது. கற்பூரத் தைலத்தைப் பூசி, அந்தக் கட்டையால் காலைக் குத்திக் குத்தி உருட்டுவான். "நோவு எங்க இருக்கோ அங்கதான் நோய் இருக்கு. கத்தினாத்தான் கரையும்," என்பான். பாக்கியக்கா நடமாடத் தொடங்கிய பிறகு எங்கள் வரிசையில் அவனைக் கூப்பிடுவது குறைந்துபோயிருந்தது.

கமலம் மெத்தைக்கு அடியிலிருந்து தாளை எடுத்து அவனிடம் காட்டினாள். "இந்தக் காலப் புடிக்கக் கூடாதாம் மாமா."

அவன் பார்த்துச் சிரித்தான். "கோழி கிறுக்கின மாதிரி இருக்கு. உங்கம்மாவுக்கு வைத்தியம் பாக்குறது ஆயாவா நானா?"

பிறகு இடது காலில்தான் தொடங்கினான். மாமி கத்தினார். "வருது பாரு, வெளிய வருது பாரு," என்றான். முடித்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது மாமி தண்ணீர் கேட்டு எழுந்து உட்கார்ந்தார். நெஞ்சைப் பிடித்தார். கமலம் கொண்டுவந்த தண்ணீரைக் குடிக்க அவர் இல்லை. "நேரம் வந்திருச்சு, நான் என்ன பண்றது," என்று சொன்னவன், கீழே கிடந்த தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். "இது செய்வினைத் தாள். வீட்டுல வச்சிருக்காத," என்று கமலத்திடம் சொன்னான். கமலம் அழுதுகொண்டே என்னிடம் சொன்னது இது. ஒரு சொல்லையும் நான் மாற்றவில்லை.

அந்த வாரம் பாசாரில் ரேஷன் வரிசையில் நாங்கள் எல்லோரும் நின்றோம். அவனும் நின்றான். பாக்கியக்கா வரிசையை விட்டு வெளியே வந்து அவன் முன்னால் நின்றார்.

"ஒரு பக்கம் மட்டும் வீங்கின காலு. சூடா இருந்த காலு. அழுத்தினா உள்ள உறைஞ்ச ரத்தம் நெஞ்சுக்கு ஓடும்னு தெரியாதா உனக்கு? தாள்ல போட்டிருந்துச்சே, கண்ணு எங்க போச்சு?"

"ஆயாவெல்லாம் எனக்குப் பாடம் சொல்ல வந்துட்டா."

"நீ வைத்தியன் இல்ல. உலக்கை. உலக்கைக்குக்கூட நெல்லு எது, கையி எதுன்னு தெரியும்."

வரிசை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். அவன் சிரித்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தான். அந்தப் பார்வையை நான் மறக்கவில்லை.

நாலாம் நாள் காலையில் ராணுவப் போலீஸார் வார்டுக்கு வந்தார்கள். அவர்கள் கையில் நாலாக மடித்து விரித்த ஒரு தாள் இருந்தது. மரியம்மா பக்கத்தில் நின்றார். தாளிலிருந்து கற்பூரத் தைல வாசனை வந்ததாம். அதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்கள். மறுபக்கத்துக் கோடுகள் இந்தப் பக்கம் தெரிந்தன. செல்லம்மா மாமியின் இடது காலில் போட்ட குறி, கப்பல் மேடையின் மேல் விழுந்தது. எங்கே குண்டு போட வேண்டும் என்று வெள்ளைக்காரனுக்குக் காட்டும் படம் என்றார்கள். பாக்கியக்காவின் கையைப் பின்னால் கட்டிக் கொண்டுபோனார்கள்.

வழியில் எங்கள் தெருவைக் கடந்துதான் லாரி போனது. உங்கள் வீடுகளைக் கடந்துதான் போனது. ஜன்னல்கள் ஒவ்வொன்றாகச் சாத்தப்பட்டதை நான் எங்கள் கதவிடுக்கால் பார்த்தேன். பிறகு எங்கள் கதவையும் அப்பா சாத்தினார். அன்று அம்மாவின் மெத்தைக்கு அடியில் இருந்த தாளையும், பெட்டியில் மிச்சம் இருந்த தாள்களையும் அடுப்பில் போட்டு எரித்தார். "அந்தப் பேரை இந்த வீட்டிலை சொல்லாதை," என்றார்.  நான் அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். தாள் எங்களுடையது.

ராணுவப் போலீஸ் நிலையத்தில் கூட்டிப் பெருக்கும் ஒருவர் மரியம்மாவிடம் சொன்னதில்தான் மீதி எனக்குத் தெரியும். பாக்கியக்காவிடம் கேட்டது ஒரே கேள்வி. தாளைக் கொடுத்தது யார்? ஒவ்வொரு நாளும் அதே கேள்வி. ஒவ்வொரு நாளும் அவர் சொன்னது ஒரே பதில்: "குப்பையில பொறுக்கினேன்." அவருடைய கால்களில்தான் அடித்தார்களாம். உள்ளங்காலில். இதற்கு மேல் என்னால் எழுத முடியவில்லை.

அவர் என் பெயரைச் சொல்லியிருந்தால் நாங்கள் மூன்று பேரும் இன்று இல்லை.  நன்றி சொல்ல ஆள் இல்லாதபோது மனம் வேறு ஆளைத் தேடுகிறது. இந்த முப்பத்தொரு நாளும் பள்ளிக்கூடத்தில் கிழக்கே பார்த்துக் குனியும்போதெல்லாம் நான் நினைத்தது ஜப்பான் பேரரசரை அல்ல, தைலக்கடைக்காரனை. அவனுக்கு இப்போது அரிசி மூட்டை வருகிறது. நீங்கள் அவனுக்கு வணக்கம் சொல்கிறீர்கள். நானும் சொல்கிறேன்.

ஐந்து நாளுக்கு முன், மத்தியானம், அவனுடைய மனைவி எங்கள் வாசலுக்கு வந்தார்.

"பாப்பா, நீதான அவகூடச் சுத்திக்கிட்டு இருந்த? மாமாவுக்குக் காலு ஒரே கடுப்பு. அவரால குனிஞ்சு கட்டையப் புடிக்க முடியல. நான் புடிச்சா சரியில்லன்னு திட்டுறாரு. செத்த வந்துட்டுப் போயேன்."

அப்பா என்னைப் பார்த்தார். போகாமல் இருக்க முடியாது என்பது இருவருக்கும் தெரியும். பாக்கியக்காவின் துண்டை எடுத்துக்கொண்டு போனேன். மரியம்மா கொண்டுவந்த பொட்டலத்தில் செருப்புக்கு அடியில் அது மடித்து இருந்தது.

அவன் கட்டிலில் கிடந்தான். முகம் ஒட்டிப்போய், மிகவும் மெலிந்திருந்தான். "வா வா. நல்லா இறுக்கிப் புடி. கத்தினாலும் விடாத," என்று கருங்காலிக் கட்டையை என் கையில் கொடுத்தான். வேட்டியை விலக்கினான்.

இடது கெண்டைக்கால். அது மட்டும் வீங்கி, சிவந்து, பளபளத்தது. கையை அருகில் கொண்டுபோனேன். சுட்டது.

நான் மறைக்கப் போவதில்லை. அவனைக் கொல்ல நினைத்தேன். என் கையில் அவன் கட்டை. அவன் வாயிலிருந்து வந்த உத்தரவு. அவன் சொன்னதைச் செய்தால் போதும். அவன் மனைவியே சாட்சி சொல்வார்: பிள்ளை சொன்னபடிதான் செய்தாள், நேரம் வந்துவிட்டது. கட்டையின் முனையை அந்தக் காலில் வைத்தேன். அழுத்தவில்லை. வைத்திருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. சுவரில் பல்லி கத்தியது.

"என்ன பாப்பா, பயமா? அழுத்து லா."

அப்போது எனக்கு இப்படித் தோன்றியது. இன்று செத்தால் இவன் வைத்தியராகச் சாவான். மாலை போடுவீர்கள். பின்னால் நடந்துபோவீர்கள். யாரும் அவனிடம் எதையும் கேட்டிருக்க மாட்டீர்கள். அது எனக்குப் போதாது.

கட்டையை எடுத்துக் கீழே வைத்தேன்.

"இந்தக் காலை ஒருத்தரும் அழுத்தக் கூடாது மாமா," என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். "ஒரு பக்கம் மட்டும் வீங்கின கால். சூடாய் இருக்கு. அழுத்தினால் உள்ளை உறைஞ்ச இரத்தம் நெஞ்சுக்கு ஓடும். செல்லம்மா மாமிக்கு ஓடினது மாதிரி."

அவன் முகத்திலிருந்து நிறம் இறங்கியது. "உனக்கு யாரு சொன்னா?"

"தாளிலை இருந்தது. நீங்கள்தானே அதைக் கடைசியாய் வைச்சிருந்தனீங்கள்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று தெரிந்தது.  அவன் என்னையே பார்த்தான். அவன் மனைவி, "எந்தத் தாளு? என்னங்க சொல்லுது இது?" என்று கேட்டார். அவன் அவர் பக்கம் திரும்பவே இல்லை. மிக மெல்ல, என்னிடம் கேட்டான்.

"வேற என்ன சொல்லியிருந்தா அவ?"

பாசாரில் அவரை ஆயா என்றவன். அவர் சொன்ன மீதியையும் தெரிந்துகொள்ள வேண்டும் அவனுக்கு, உயிரோடு இருக்க. நான் ஒவ்வொன்றாகச் சொன்னேன். அசையாமல் படுக்க வேண்டும். காலைத் தலையணை மேல் உயர்த்தி வைக்க வேண்டும். இன்றே டாக்டரைக் கூப்பிட வேண்டும். தைலம் வேண்டாம், கட்டை வேண்டாம். பிறகு வலது பாதத்தின் மேல் துண்டை விரித்தேன். "தொடலாமோ?" என்று கேட்டேன். அவன் கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டினான். அது யாருடைய துண்டு என்று நான் சொன்னேன். சொல்லிவிட்டுத்தான் தொட்டேன். இமையில் வைக்கிற பாரம், அதற்கு மேல் ஒரு இம்மியும் இல்லை. என் கையின் கீழ் அவன் பாதம் கடைசிவரை நடுங்கிக்கொண்டே இருந்தது. அம்மாவுக்கு வந்த தூக்கம் அவனுக்கு வரவில்லை.

புறப்படும் முன் என் கொப்பியிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, இரண்டு பாதங்களை வரைந்தேன். இடது காலில் கரியால் பெரிய குறி போட்டேன். செல்லம்மா மாமிக்குப் போட்ட அதே அளவு, அதே இடம். இதுவரை எந்தத் தாளிலும் பெயர் எழுதியதில்லை. இதில் எழுதினேன். அவன் பெயரை, முழுதாக. அவன் மனைவி அதை வாங்கி மரவள்ளி மாவுப் பசையால் தலைமாட்டுச் சுவரில் ஒட்டப் போனார்.

"அத இங்க ஒட்டாத," என்றான்.

"அப்புறம் யாராவது மறந்துபோய்ப் புடிச்சுட்டா?"

"ஒட்டாதன்னு சொல்றேன்ல."

"செத்துத் தொலைஞ்சா நான் யார்கிட்டப் போய் நிக்கிறது? சும்மா கெடங்க," என்று அவன் மனைவி அழுத்தி ஒட்டினார்.

எந்தத் தாளைப் பகைவனின் படம் என்று கொண்டுபோய்க் கொடுத்தானோ, அது போன்ற ஒன்றுதான் இப்போது அவன் தலைக்கு மேல் ஒட்டியிருக்கிறது. அது அங்கே இருக்கும்வரைதான் அவனுக்கு உயிர். ராணுவப் போலீஸார் அரிசி மூட்டையோடு வந்தால், இது என்ன படம் என்று அவனே சொல்ல வேண்டும். அது கால்தான் என்று சொல்ல வேண்டும். வெறும் கால் என்று.

டாக்டர் வந்து, பிள்ளை சொன்னது சரி, இல்லையென்றால் போயிருப்பான் என்றாராம். நான் அவன் வீட்டுக்குத் தொடர்ந்து போகிறேன். போகும் ஒவ்வொரு நாளும் அவன் என்னைக் காட்டிக்கொடுத்துவிடுவான் என்று நினைத்தபடிதான் போகிறேன். இப்போதும் தெருவில் ஒரு சத்தம் கேட்டது. கொப்பியைத் திருப்பினேன். நாய்தான்.

பாக்கியக்காவின் மரச்செருப்பை அம்மா யாருக்கும் கொடுக்க விடவில்லை. எங்கள் வாசலில் உட்பக்கமாக, யாரோ வந்து கழற்றிவிட்டு உள்ளே போனது போல ஜோடியாக வைத்திருக்கிறோம். அப்பா அதைக் காலால் தட்டாமல் சுற்றிப் போகப் பழகிவிட்டார். துண்டு என் தலையணைக்கு அடியில் இருக்கிறது. தினமும் அம்மாவின் பாதத்தில் கை வைக்கும் முன் கண்ணை மூடி என் இமையில் பெருவிரலை வைத்துப் பார்க்கிறேன். அந்தப் பாரம் இன்னும் என்னிடம் இருக்கிறது. கருங்காலிக் கட்டையையும் நான்தான் எடுத்துவந்தேன். இனி அது எந்தக் காலிலும் படாது.

ஜப்பான்காரர்கள் போன மறுநாள், நீங்கள் ஜன்னல்களைத் திறந்துகொண்டு தெருவுக்கு வாருங்கள். கமலம் வருவாள். மரியம்மா வருவார். அவனிடம் கேட்க நான் இந்தக் கொப்பியோடு வருவேன். அதுவரை அந்த இடது காலை யாரும் அழுத்த விடமாட்டேன். வீக்கம் வடிய வேண்டும். அவன் நன்றாக நடக்க வேண்டும். தன் இரண்டு காலாலும், யாரும் தூக்காமல், அந்தச் செருப்புகள் இருக்கும் எங்கள் வாசல்வரை அவன் நடந்து வர வேண்டும்.